போகாத முதல் தடவை

1

அந்த வீட்டுக்கு நான் முதல் தடவை போகவே இல்லை. போனதாக எழுதினேன். நேரில் சென்று எச்சரித்ததாக நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் ஏற்றினேன். அந்த ஒரு வரியை நம்பி ஓர் அண்ணன் ஏழு வருடம் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரு பெண் குழந்தை ஏழு வருடம் காது குத்தாமல் பள்ளிக்கூடம் போனது.

காவல் துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன். சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் எழுதும் அனுபவங்களில் கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் வருகின்றன. என்னிடமும் அப்படிச் சில உண்டு. அவற்றில் நான் செய்ததைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. கேள்வி இருப்பது ஒரு காதுகுத்து வீட்டு விஷயத்தில். புதிதாக ஸ்டேஷனில் சேருகிறவர்கள் படிக்க வேண்டும் என்று அதை எழுதுகிறேன்.

2

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையின் வடக்கு எல்லையில் ஒரு ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாக இருந்தேன். எங்கள் எல்லையில் பாதி சோளக்காடு, பாதி சைட் பிரித்த காலனி. லேத் வைத்திருப்பவர்கள், பவுண்டரியில் வேலை செய்பவர்கள், மில்லில் ஷிப்டு போகிறவர்கள், புதிதாக வீடு கட்டி வந்த அதிகாரிகள் எல்லாரும் ஒரே தெருவில் இருந்தார்கள். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் விடியும் முன்பே கூம்பு ஸ்பீக்கர் பாட ஆரம்பிக்கும். அடுத்த வீட்டில் நைட் ஷிப்டு முடித்து வந்தவர் தூங்க வேண்டும். போன் எங்களுக்கு வரும்.

இருந்தது ஒரே ஜீப். போய்ச் சொன்னால் சத்தத்தைக் குறைப்பார்கள். ஜீப் தெருமுனை திரும்பியதும் மறுபடி ஏற்றுவார்கள். ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று தடவை போன நாளும் உண்டு.

இன்ஸ்பெக்டர் ஒரு நாள் என்னிடம் சொன்னார். “யோவ், நீ எம்.ஏ. எகனாமிக்ஸ்தான? டீசல் பூரா மைக் செட்டுக்கே போகுது. மாசக் கடைசில திருடனப் புடிக்க நாம பஸ்லதான் போகணும். படிச்ச மூளைய வெச்சு ஒரு வழி சொல்லு.”

நான் யோசித்து ஒரு வழி சொன்னேன். முதல் தடவை போகும்போது எச்சரிக்கை மட்டும். அதே நாளில் அதே வீட்டுக்கு இரண்டாம் தடவை போக வேண்டி வந்தால், ஜீப் டீசலுக்கும் கூட வரும் போலீசாரின் படிப்பணத்துக்கும் விசேஷ வீட்டுக்காரர் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஆம்ப்ளிபயர் ஸ்டேஷனுக்கு வரும், பெட்டி கேஸ் என்கிற சில்லறை வழக்குப் போடப்படும். செலவை உண்டாக்குகிறவனே செலவை ஏற்க வேண்டும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். தனியார் கேட்டு வாங்கும் பந்தோபஸ்துக்குக் கட்டணம் வசூலிக்க விதி உண்டு. அந்த விதியை நான் இதற்கும் இழுத்து நீட்டினேன். மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது.

இதற்கென்று ஒரு தனி ரிஜிஸ்டர் போட்டேன். வீட்டுக்காரர் பெயர், போன் வந்த நேரம், முதல் தடவை, இரண்டாம் தடவை என்று ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன். அந்த ரிஜிஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

3

இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை என்பது இரண்டாவது மாதமே தெரிந்தது. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

ஸ்பின்னிங் மில் முதலாளி ஒருவர் வீட்டில் அறுபதாம் கல்யாணம். தோட்டத்தில் ஆர்கெஸ்ட்ரா. சாயங்காலம் நான்கு மணிக்கே புகார் வந்தது. போனேன். அவர் வாசலுக்கு வந்து கை கூப்பினார். விவரத்தைச் சொன்னேன்.

“ஓ, ரெண்டாந்தடவைக்குத்தான் பணமுங்களா?” என்றார். உள்ளே திரும்பிக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். “ஏனுங்க சார், மறுக்கா நீங்க எதுக்கு அலையறீங்க? ரெண்டாந்தடவை, மூணாந்தடவை எல்லாத்துக்கும் சேத்தி இப்பவே வாங்கிக்கோங்க. பாட்டு எட்டு மணி வரைக்கும் இருக்குதுங்க.”

அது தவறு என்று சொல்ல என் சட்டத்தில் இடம் இல்லை. வாங்கிக்கொண்டேன். ஜூஸும் குடித்தேன். என்னோடு வந்த ஏட்டு தங்கவேலு, வண்டியில் ஏறியதும் சொன்னார்.

“ஐயா, நாம சத்தத்த நிறுத்த வந்தமா, டிக்கெட்டு கிழிக்க வந்தமா?”

தங்கவேலு என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவரை நான் முறைத்தேன்.

4

பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டே முக்காலுக்கு ஒரு போன். புதிதாக வீடு கட்டி வந்திருந்த மத்திய அரசு அதிகாரி. அவருடைய பெண் பிளஸ் டூ. மறுநாள் கணக்குப் பரீட்சை.

“பக்கத்து ஊட்ல காதுகுத்துங்க. வீட்டுக்காரர் ஆறுமுகம்னு பேரு. காலையில அஞ்சு மணியிலிருந்து மைக் செட் பாடுது. என் பொண்ணு அழுதுட்டு உக்காந்திருக்கா. நீங்க வந்து சொல்றீங்களா, நான் கமிஷனருக்குப் பேசட்டுங்களா?”

அவர் கேட்டதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஜீப் இல்லை. ஒரு பெரிய மனிதர் வருகைக்காகப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தது. அந்தத் தெரு ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். ஸ்டேஷனில் ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. நான் அதைப் பார்த்தேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. எஸ்.ஐ. சைக்கிளில் போவதா என்று இருந்தது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ரிஜிஸ்டரை எடுத்தேன். “காலை 9.00. நேரில் சென்று வீட்டு உரிமையாளர் ஆறுமுகத்திடம் எச்சரிக்கப்பட்டது” என்று எழுதினேன். அதையே ஸ்டேஷனின் அன்றாடக் குறிப்பான ஜெனரல் டைரியிலும் எழுதினேன். அவர் கமிஷனரிடம் பேசினால் காட்டுவதற்கு ஒரு வரி வேண்டும். இப்படி எழுதுவது அப்போது எல்லாரும் செய்ததுதான். இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. எவ்வளவு சுலபமாக எழுதினேன் என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பத்தரைக்கு மறுபடி போன். அதே அதிகாரி.

“இப்ப கொட்டு வேற வருதுங்க. காலையில போயிச் சொன்னீங்களா இல்லையா?”

“சொல்லியாச்சு சார்” என்றேன். அதற்குள் ஜீப் திரும்பியிருந்தது. ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு தங்கவேலுவோடு கிளம்பினேன்.

5

தெருமுனையில் ஒரு பொதுக் குழாய் உண்டு. அதன் அருகில் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தினேன். ஊர்வலம் அப்போதுதான் தெருவுக்குள் திரும்பியிருந்தது. முன்னால் நான்கு பேர் கொட்டு அடித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்து, தலையில் புதுத் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர். பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு சீர்த்தட்டு. பழம், பட்டுப்பாவாடை, ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியில் கம்மல்.

தாய்மாமன் சீர். நான் பவானிக்காரன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தாய்மாமன் சீரோடு வந்து, குழந்தையை மடியில் உட்கார வைத்தால்தான் காது குத்துவார்கள். அவர் வரும் கொட்டுச் சத்தத்தை யாரும் நிறுத்த மாட்டார்கள். இது தெரிந்தும்தான் கையை நீட்டினேன்.

“கொட்ட நிறுத்துங்க” என்றேன். நிறுத்தினார்கள்.

பந்தலிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அவர்தான் ஆறுமுகம். மோட்டார் காயில் கட்டுகிற வேலை. தோளில் துண்டும் நெற்றியில் வியர்வையுமாக நின்றார்.

“வாங்க சார். ஏனுங்க, என்னங்க தப்பு?”

“காலையில சொல்லியும் சத்தம் நிக்கல. இது இந்த வீட்டுக்கு ரெண்டாவது தடவை. பணம் கட்டணும்.”

“ரெண்டாவதுங்களா? மொதல்ல எப்பங்க வந்தீங்க?”

“ஒம்பது மணிக்கு.”

“இல்லீங்களே சார். விடியறதுக்கு முன்னால இருந்து நான் இந்த வாசல்லதானுங்க நிக்கறேன். ஒருத்தரும் வர்லீங்களே. வந்து சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பனுங்க.”

ஒருவேளை வேறு வீட்டைச் சொல்லியிருப்பார்கள் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். இது முதல் தடவை, இனிமேல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்திருக்கலாம். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். தங்கவேலு குழாயைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

தலையில் துண்டு கட்டியிருந்தவர் முன்னால் வந்தார். அவர் ரங்கசாமி, ஆறுமுகத்தின் மனைவி சரசுவின் அண்ணன். காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டக்காரர். குனிந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“மாப்ளே, இதுல உன்ற பேரு போட்டிருக்குது.”

“மச்சான், சத்தியமா யாரும் வர்ல.”

“ஒம்பது மணின்னு போட்டு, நேர்ல பாத்துச் சொன்னதா எழுதியிருக்குது. அது சர்க்கார் நோட்டு. அவருக்கென்ன உன்ற பேர்ல பொய்யெழுதோணும்னு வேண்டுதலா?” ரங்கசாமி குரலை உயர்த்தவில்லை. “கொட்டு எதுக்கு மச்சான், வீண் செலவுன்னு நீ போன வாரமே சொன்ன. நான் கேக்கல. ஒரே தங்கச்சி புள்ளைன்னு கூட்டியாந்தேன். காலையில போலீசு வந்து சொன்னப்பவே எனக்கொரு ஆளனுப்பியிருந்தா ரோட்டுலயே நிறுத்திப்போட்டு நடந்து வந்திருப்பனல்லோ. நாலு ஒறம்பரை சனம் முன்னால போலீசு கையக் காட்டி நிறுத்தட்டும்னு இருந்துட்டயா?”

“அப்பிடியெல்லாம் இல்லீங்க மச்சான்.”

ரங்கசாமி மடியிலிருந்து பணத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். “கொட்டு நான் கொண்டாந்தது. நான் கட்டறேன்.”

“என்ற ஊட்டு விசேசத்துல நீங்க அபராதம் கட்டறதா?” என்று ஆறுமுகம் அவர் கையைப் பிடித்தார்.

நான் சொன்னேன்: “விசேஷம் யார் வீட்டுதோ அவங்கதான் கட்டணும். வந்த விருந்தாளிகிட்ட வாங்கறதில்ல. அதான் ரூல்.”

விருந்தாளி என்ற வார்த்தையைக் கேட்டதும் ரங்கசாமி கையை இழுத்துக்கொண்டார். தாய்மாமனை விருந்தாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதை ஒரு போலீஸ்காரன் சொல்ல, மாப்பிள்ளை மறுத்துப் பேசாமல் பணம் எடுக்க உள்ளே போனார். அவசரத்தில் போனார். ஆனால் ரங்கசாமிக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

ஆறுமுகம் திரும்பி வந்து பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது சீர்த்தட்டுகள் திரும்பிவிட்டன. சரசு பந்தலிலிருந்து ஓடிவந்தார். “அண்ணா, அண்ணா” என்று குழாய் வரை ஓடினார். ரங்கசாமி நிற்கவில்லை. கொட்டுக்காரர்கள் கொட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் பின்னால் போனார்கள். நான்கு வயதுக் குழந்தை ஒன்று, மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு, பந்தலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது.

நான் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஜீப்பில் தங்கவேலு மெதுவாகச் சொன்னார். “ஐயா, காலையில நாம வர்லியேங்க.”

“பேசாம பொட்டாட்ட இருங்க ஏட்டய்யா” என்றேன்.

மூன்று மாதம் கழித்து வந்த உதவி கமிஷனர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். “யார் உத்தரவுல இது?” என்று கேட்டார்.  அன்றோடு கட்டணம் நின்றது. எனக்கு வேறு ஸ்டேஷனுக்கு மாறுதல் வந்தது.

6

ஏழு வருடம் ஆனது. அப்போது இன்ஸ்பெக்டராகியிருந்தேன். நகரத்தின் மறுபக்கத்தில் வேலை, சரவணம்பட்டிப் பக்கம் சொந்த வீடு. ஒரு கோடையில் போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு நான் சாதாரண உடையில் காயில் கட்டும் கடைக்குப் போனேன். அக்கம்பக்கத்தில் நல்ல கை என்று சொன்ன கடை.

கடைக்காரர் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை முகர்ந்து பார்த்தார். “டிரை ரன் ஆயிருக்குதுங்க. தண்ணியில்லாம ஓட்டியிருக்கீங்க. நாளான்னைக்கு வாங்கிக்கோங்க” என்றார். தலைமுடி நரைத்திருந்தது. எனக்கு அவரைத் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்போது ஒரு பெண் தூக்குப்போசியில் காபி கொண்டுவந்தாள். பதினொரு வயது இருக்கும். அரசுப் பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். காது இரண்டும் மூளியாக இருந்தன. இவ்வளவு வளர்ந்த பெண்ணுக்குக் காது குத்தாமல் நான் பார்த்ததில்லை. வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன்.

“ஏன் கண்ணு, இன்னும் காது குத்தலியா?”

அவள் பழகிய கேள்விக்குப் பழகிய பதில் போலச் சொன்னாள். “மாமா வந்தாத்தானுங்க குத்துவாங்க. அம்மா சொல்லிப்போட்டாங்க.”

“மாமா எங்க இருக்காரு?”

“காரமடையிலங்க.”

நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் கருகிய கம்பியை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவர் ஆறுமுகம் என்று அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. மோட்டாரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். 

காரமடை இருபது மைல் தூரம்கூட இல்லை. பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று.

இரண்டு நாள் கழித்து மோட்டாரை வாங்கப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. நின்றபடியே சொன்னேன்.

“ஆறுமுகம், நான் அன்னைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வரல. வந்ததா எழுதினேன். பொய்யா எழுதினேன்.”

அவர் மோட்டாரை ஓட விட்டு, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் நின்ற பிறகு சுவிட்சை அணைத்தார்.

“நீங்க வர்லீன்னு எனக்குத் தெரியாதுங்களா சார்? நாந்தான வாசல்ல நின்னேன்” என்றார். “எனக்குச் சொல்லி என்னங்க பிரயோசனம்? தெரியாதது என்ற மச்சானுக்குத்தான். ஏழு வருசமா நானுஞ் சொல்லிப் பாத்துட்டேன். ஆளு உட்டுச் சொன்னேன், கோயல்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனேன். நோட்டுல இருந்துதே, நோட்டுல இருந்துதேங்கறாரு. அங்க போயிச் சொல்லுங்க.”

அன்று வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

“அதை வெச்சு நான் என்னங்க பண்ணட்டும்?” என்றார். காயில் கட்டிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். ஒரு ரூபாய் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுத்தான் பேசினார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரமடைக்குப் போனேன். ரங்கசாமி தோட்டத்தில் கறிவேப்பிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்து லாரிக்கு ஏற்ற வேண்டிய சரக்கு. நான் யார் என்று சொன்னதும், “வாங்க, உக்காருங்க” என்றார். கட்டில் இழுத்துப் போட்டார். மோர் வந்தது. குடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

அவர் கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை எடுத்து ஈரத்தை உதறினார். பிறகு கேட்டார்:

“ஜீப்பு இல்லீன்னா எழுதுனீங்க?”

“ஆமாங்க.”

“சைக்கிளு?”

“இருந்ததுங்க.”

தலையை ஆட்டினார். நான் உண்மையைச் சொன்னால் அவர் கோபம் என் மேல் திரும்பும், தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்படி நடக்கவில்லை.

“அப்ப மாப்ள சொன்னது நெசம்” என்றார். “ஏழு வருசம். ஒரு கல்யாணம் காட்சின்னு எங்கியாவது எதுத்தாப்புல வந்தாருன்னா மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிருக்கறேன். போறவங்க வாறவங்ககிட்டயெல்லாம் அவனொரு பொய்யன்னு சொல்லியிருக்கறேன். என்ற தங்கச்சி கார்டு போட்டா. கிழிச்சு வாய்க்கால்ல போட்டேன். நேத்து வரைக்கும் அவுரு மேல கோவம், அதனால போகல. இன்னைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுங்க? நீங்க வராம இருந்திருந்தாலே தேவல.”

நான் ஒரு காகிதத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், சொந்தக்காரர்களிடம் காட்டலாம் என்றேன்.

“மறுக்கா எழுத்தா?” என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். “வேண்டாமுங்க. உங்க எழுத்த ஒருக்கா நம்புனது போதும்.”

மோரைக் குடித்துவிட்டு வந்தேன். வரும்போது ஒரு கட்டுக் கறிவேப்பிலை கொடுத்தனுப்பினார்.

8

பொய் எழுதியதைத் திருத்த வேண்டும் என்று துணை கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் கூப்பிட்டார்.

“அந்த வருஷத்து ஜெனரல் டைரியெல்லாம் கழிச்சுப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டாச்சு. எதைத் திருத்தறது? இன்னும் பதினைஞ்சு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கு. உங்களுக்கு வேற வேலை இல்லையா?”

“எழுதினது பொய் சார்.”

“அப்ப நான் மெமோ கொடுத்தாகணும். தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். சார்ஜ் மெமோ வந்தது. ஒரு வருட இன்க்ரிமென்ட் நின்றது. வீட்டில் என் மனைவி ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பொய்யை எழுதியபோது ஒன்றும் வரவில்லை. ஒப்புக்கொண்டபோதுதான் மெமோ வந்தது. கூடப் பணிபுரிந்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆவணியில் ஆறுமுகம் என் வீட்டுக்கு வந்தார். பத்திரிகை நீட்டினார்.

“கௌசல்யாவுக்குக் காது குத்தறமுங்க. வந்துருங்க.”

“மச்சான் வராருங்களா?”

“நானும் சரசும் போயிப் பத்திரிகை வெச்சுட்டு வந்தோம். வாரேன்னும் சொல்லல, வர்லீன்னும் சொல்லல. தட்டத்த வாங்கிக்கிட்டாரு. வர்லீன்னா இந்த வருசமும் குத்தமாட்டீங்கறா சரசு. புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பேச்சு கேட்டு முடியலீங்க.”

போனேன். அதே தெரு. பந்தல் சின்னதாக இருந்தது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். குறித்த நேரத்துக்குக் கால் மணி இருந்தது. சரசு வாசலுக்கும் உள்ளேயுமாக நடந்துகொண்டிருந்தார். கௌசல்யா பட்டுப்பாவாடையில், யாரையும் பார்க்காமல், தன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ வந்து ஆறுமுகத்தின் காதில் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். “வாங்க சார்” என்றார்.

தெருமுனைக் குழாயடியில் ஒரு டி.வி.எஸ். மொபெட் நின்றது. பக்கத்தில் ரங்கசாமியும் அவர் மனைவியும். மனைவி கையில் ஒரே ஒரு தட்டு. அதில் பழத்துக்கு நடுவே அந்தச் சின்னச் சிவப்புப் பெட்டி. நான் ஜீப்பைக் குறுக்கே நிறுத்திய அதே இடம். அதைத் தாண்டி அவரால் காலெடுத்து வைக்க முடியவில்லை.

ஆறுமுகம் பத்தடி முன்னால் நின்றார்.

“ஏனுங்க மச்சான், கொழாய்கிட்டயே நின்னுட்டா காது யாரு மடியில வெச்சுக் குத்தறது?”

ரங்கசாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். “கொட்டு கொண்டாரலீங்க மாப்ளே.”

மாப்பிள்ளையை ‘நீ, வா, போ’ என்றே அதுவரை பேசிய மனிதர், இப்போது ‘ங்க’ போட்டார். வேறு மன்னிப்பு எதுவும் அவர் கேட்கவில்லை. ஆறுமுகத்துக்கு அது போதுமாக இருந்தது.

“அதெல்லாம் நான் சொல்லி வெச்சுட்டனுங்க” என்றார். பந்தலுக்குப் பின்னாலிருந்து நான்கு பேர் கொட்டோடு வந்தார்கள். வந்து தெருவில் நின்று, என்னைப் பார்த்தார்கள். நான் யார் என்று அவர்களுக்கும் சொல்லப்பட்டிருந்தது.

ஆறுமுகம் என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க சார், கொட்டு அடிக்கலாமுங்களா?”

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

“மொதல் தடவைக்குப் பணம் இல்லீன்னு நீங்கதான ரூல் போட்டீங்க? இன்னைக்குத்தானுங்க எங்க ஊட்டுக்கு மொதல் தடவையா வந்திருக்கீங்க.”

தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். ரங்கசாமியும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடமிருந்து தட்டை வாங்கித் தானே தலையில் வைத்துக்கொண்டார். கொட்டு முழங்க வீடு வரை நடந்து வந்தார்.

பந்தலில் பலகை மேல் உட்கார்ந்து மருமகளைப் பார்த்தார். “என்ன அம்மிணி, இத்தன வளந்துட்டே? எம்முட்டி தாங்குமா?” என்றார். நான்கு வயதில் உட்கார வேண்டிய மடியில் பதினொரு வயதில் உட்கார்ந்தாள். கால்கள் தரையில் இடித்தன. ஆசாரி குத்தும்போது அழவில்லை. அழுதது ரங்கசாமி.

சரசு எனக்கு இலை போட்டார். சோறு போட்டார், ரசம் ஊற்றினார், கேட்காமலே இரண்டாம் தடவையும் பரிமாறினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்குச் சில தடவை போயிருக்கிறேன். காபி கொடுப்பார். இன்றுவரை என்னிடம் பேசியதில்லை. அது சரிதான் என்று நினைக்கிறேன்.

ஸ்டேஷனில் புதிதாகப் பேனா பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். நாம் எழுதுவதை ஜனங்கள் தங்கள் சொந்த மனிதர்களின் சத்தியத்தைவிட அதிகமாக நம்புகிறார்கள். போகாத இடத்துக்குப் போனதாக எழுதாதீர்கள். ஜீப் இல்லை, போகவில்லை என்று எழுதுங்கள். அதற்கு மெமோ வரும். வாங்கிக்கொள்ளுங்கள்.